கோரையைப் பிடுங்கித்தானே நமக்குப் பழக்கம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஓடுவது சுங்கை பத்து. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் குளித்து எழுகிற அதே ஆறுதான். எங்கள் பக்கம் வரும்போது பாதி சிமெண்டுக் கால்வாய், பாதி சரிந்துபோன மண் கரை. அந்த மண் கரையில் ஓரிடத்தில், யாரும் நடாமலே, இடுப்பளவு உயரத்துக்குக் கோரை ஒரு புதராக நிற்கிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் அதன் இரண்டு பக்கமும் ஆறு கரையைக் கடித்துக்கொண்டே போகிறது, புதர் இருக்கும் மூன்று நான்கு மீட்டர் மட்டும் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

இதைக் காட்டி, மற்ற இடத்திலும் இதையே நட்டால் என்ன என்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். அவர் இளவயதில் ரப்பர் தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவர். "ஏன்டாப்பா, எஸ்டேட்டுல வருசக்கணக்கா மருந்தடிச்சும் இந்தக் கோரைய ஒழிக்க முடியல, நீ இத நடணும்ங்கிறியா?" என்று சிரித்தார். (அவர் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை மலேசியா 2020இல்தான் முற்றாகத் தடை செய்தது. அது தனிக் கதை.)

பாட்டி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. மருந்துக்கும் மண்வெட்டிக்கும் சாகாத அந்தக் குணம்தான் ஆற்றங்கரைக்கு வேண்டியது. ஆனால் "கோரை நட்டால் ஆறு சரியாகிவிடும்" என்று கிளம்பினால் பணம் தண்ணீரில் போகும், அப்படிப் போனதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். நடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் நடுவதால்தான் பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

முதலில் கோரை என்றால் எது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தண்ணீர் ஓரத்தில் ஒல்லியாக நிற்கிற எல்லாவற்றையும் நாம் புல், நாணல், கோரை என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஒரு தண்டை அடிப்பக்கம் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். பல கோரைகளில் அது உருளாது, மூன்று விளிம்பு விரலில் தட்டும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், நடுவில் கணு இருக்கும். கோரைத் தண்டில் அந்தக் கணு பொதுவாகத் தெரியாது, வழவழவென்று ஒரே நீட்டாகப் போகும். இரண்டும் வெவ்வேறு குடும்பம். கோரைக் குடும்பத்தில் மட்டும் உலகம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் பாட்டி சண்டை போட்ட கோரைக்கிழங்கு அதில் ஒன்று. பத்தமடைப் பாய் நெய்கிற கோரை இன்னொன்று. சங்கப் பாடல்களில் பெண் பிள்ளைகள் பாவை செய்து விளையாடும் பஞ்சாயும் கோரைதான். ஊரில் காவிரிக்கரையில் இதைப் பயிராகவே போடுகிறார்கள், ஒரு தடவை நட்டால் வருடக்கணக்கில் அறுக்கலாம். ஆக நமக்குக் கோரை என்றால் ஒன்று பாய், இல்லையென்றால் களை. நடுவில் வேறு எதுவும் தோன்றுவதில்லை.

இந்த மண்ணுக்கே உரியவை நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும். மலாய்க்காரர்கள் மெனெரோங் என்று சொல்வது ஆள் உயரம் வளரும், தண்டு நன்றாகத் தடித்த முக்கோணம், வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். எங்கள் ஆற்றங்கரையில் நிற்பது இதுதான் என்று நினைக்கிறேன். ரொம்ப நாள் ஸ்கிர்ப்பஸ் குரோசஸ் என்று இருந்த அறிவியல் பெயரை இப்போது ஆக்டினோஸ்கிர்ப்பஸ் என்று மாற்றிவிட்டார்கள். நெல் வயலில் இது வந்தால் விவசாயி தலையில் கை வைப்பார். அடுத்தது கெர்ச்சூட், அறிவியல் பெயர் லெப்பிரோனியா. இது நான் மேலே சொன்ன விரல் பரீட்சையில் தோற்றுவிடும், ஏனென்றால் தண்டு சுத்த உருண்டை, இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் தண்டை அழுத்தினால் உள்ளே இருக்கிற குறுக்குத் தடுப்புகள் ஒவ்வொன்றாக 'டப் டப்' என்று உடையும், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பாயும் பையும் இதில் பின்னுவார்கள். பகாங்கில் உள்ள தாசிக் பெரா, 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் தளமாக (உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலமாக) அறிவிக்கப்பட்ட ஏரி, அங்கே ஏரியின் பெரும் பரப்பை மூடி நிற்பது இந்தக் கெர்ச்சூட்டும் ராசாவ் என்கிற நீர்த்தாழையும்தான்.

மூன்றாவதை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். பாசாரில் மண் ஒட்டிய வெங்காயம் மாதிரி கறுப்பாகக் குவித்து வைத்திருப்பார்களே, செங்குவாங் சீனா, கடித்தால் நறுக்கென்று இனிப்பாக இருக்கும், சீனர்கள் சூப்பிலும் குளிர்பானத்திலும் போடுவார்கள். அதுவும் ஒரு கோரையின் கிழங்குதான். நம் சதுப்பில் தானாக வளர்வதும் அதே இனம், ஆனால் அதில் கிழங்கு கடலை அளவுகூட இருக்காது. பழைய முறையில் பச்சாங் (இலையில் பொதிந்து வேகவைக்கிற சீன அரிசிப் பொட்டலம்) கட்டுகிறவர்கள் சுற்றுகிற காய்ந்த நார் இருக்கிறதே, அதுவும் கோரை. அது கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற முகத்துவாரக் கோரை, மலாக்காவின் பெயரையே அறிவியல் பெயரில் வைத்திருக்கிறது. கோலாலம்பூருக்கு அது ஒத்துவராது, கிள்ளான் பக்கம் போக வேண்டும்.

சரி, இவை என்ன செய்கின்றன?

மேலே தெரிகிற பச்சையை விட்டுவிடுங்கள், வேலை முழுக்கச் சேற்றுக்குள் நடக்கிறது. கோரைக்குத் தண்டே மண்ணுக்குள் படுத்தபடி ஓடும், அதிலிருந்து ஒரு சாணுக்கு ஒரு முளை மேலே, நூறு வேர் கீழே. அடுத்தடுத்த செடியின் வேர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடைசியில் தேங்காய் மட்டை மாதிரி ஒரு பிடியாகிவிடும். வெள்ளம் வரும்போது தண்டுகள் எதிர்த்து நிற்பதில்லை, அப்படியே கரைமேல் படுத்துக்கொள்கின்றன. தண்ணீர் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, மண்ணைத் தொடுவதில்லை. வெள்ளம் வடிகிறபோது எழுந்து நின்று, மெதுவாகப் போகிற கலங்கல் தண்ணீரிலிருந்து வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் எங்கள் மூக்கு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது.

இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. நாற்றமடிக்கிற கறுப்புச் சேற்றில் காற்று கிடையாது, சாதாரணச் செடியின் வேர் அங்கே அழுகிவிடும். கோரை தன் தண்டுக்குள் இருக்கிற காற்றறைகள் வழியாக மேலிருந்து வேர்வரை ஆக்சிஜனை இறக்குகிறது. வேரிலிருந்து கொஞ்சம் வெளியே கசியவும் செய்கிறது. ஒரு வேரைப் பிடுங்கி அலசினால் சில சமயம் துருப்பிடித்த கம்பி மாதிரி செம்மண் நிறத்தில் இருக்கும். அது உண்மையிலேயே துருதான், சேற்றிலுள்ள இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டுப் படிந்தது. இப்படி வேரைச் சுற்றி ஒரு நூலளவு காற்றுள்ள மண், அதைத் தாண்டினால் காற்றில்லாத மண். நம் ஆறுகளில் பெரிய தொல்லை கழிவுநீரிலிருந்து வருகிற அம்மோனியா. வேரை ஒட்டிய பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும், ஒரு விரல் தள்ளியிருக்கிற வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜனாக்கிக் காற்றிலேயே விட்டுவிடும். ஆக, தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆள் கோரை இல்லை, அது பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற ஆள். மெனெரோங்கை வைத்து பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் டீசல் கலந்த தண்ணீரில்கூடச் சோதனை செய்திருக்கிறார்கள், அதிலும் வேரும் வேரைச் சுற்றிய நுண்ணுயிரும் சேர்ந்துதான் எண்ணெயைச் சிதைக்கின்றன.

இவ்வளவு நல்லது என்றால் கோலாலம்பூர் ஆறுகளில் ஏன் கிடையாது? இந்த ஊரின் பெயருக்கே சேற்றுச் சங்கமம் என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருமிடத்தில் 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக் நிற்கிறது. வெள்ளீயம் தோண்டிய காலத்து மணல் கொட்டி ஆற்றுப்படுகை மேடானது, 1926இல் பெருவெள்ளம், அதற்கப்புறம் ஆற்றை நேராக்கினார்கள், 1971இல் மறுபடி வெள்ளம், பிறகு மேலும் அகலமாக்கிச் சுவர் எழுப்பினார்கள். 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடுகிற 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊர் நடுவே வெள்ளம் வந்தால் தண்ணீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றலாம் என்றுதான் பொறியாளர் பார்ப்பார். கோரை தண்ணீரை மெதுவாக்கும். அவருக்கு அது தடை.

இங்கேதான் அளவு தெரிந்து பேச வேண்டும். நாட்டின் மழைநீர் வடிகால் கையேடு புல் போட்ட வடிகாலில் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்கிறது. மஸ்ஜித் ஜாமெக் பக்கம் அடைமழையில் ஆறு எழுந்து வருவதைப் பாலத்தில் நின்று ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அதன் வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை. செங்குத்துச் சுவருக்குக் கீழே கோரை நட்டால் அன்றைக்கே கிள்ளான் போய்ச் சேரும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த மாதிரி வெள்ளத்தைக் கரையோரக் கோரை தடுத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதன் இடம் வேறு. மேலே, கிளை ஓடைகளில். அகலமான கரை மிச்சமிருக்கிற இடங்களில். எல்லாவற்றையும் விட, பத்து, ஜிஞ்சாங் பகுதிகளில் இருக்கிற மாதிரி வெள்ளநீரைத் தேக்கி வைக்கிற குளங்களில், பழைய ஈயக் குட்டைகளில். தித்திவங்சா ஏரியே ஒரு காலத்து ஈயக் குட்டைதான். இந்தக் குட்டைகளில் மணல் சத்தில்லாதது, தண்ணீர் சில இடங்களில் புளிப்பு. கெர்ச்சூட்டுக்கும் செங்குவாங் கோரைக்கும் அது ஒரு பொருட்டே இல்லை, மற்ற செடி காய்ந்துபோகிற அமில மண்ணில் அவை குடித்தனம் நடத்தும்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது பக்கத்திலேயே இருக்கிறது. புத்ராஜெயா ஏரிக்கு வருகிற ஆற்றுநீரை வடிகட்ட 1997-98இல் சுமார் 200 ஹெக்டேரில் சதுப்பு நிலம் கட்டினார்கள். 24 பாத்திகள், படிப்படியாக இறங்குகிற தடுப்பணைகள், எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களில் 1 கோடியே 23 லட்சம் செடிகள். நான் போன முறை எல்லாரும் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் தடுப்பணையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டில் இதற்கு இன்னும் கிண்டல். ஆனால் பார்க்க வேண்டியது அதுதான். ஒவ்வொரு பாத்தியிலும் ஆழம் வேறு, ஆழத்துக்கு ஏற்ற மாதிரி செடி வேறு: கணுக்கால் தண்ணீரில் ஒன்று, முழங்காலில் ஒன்று, இடுப்பளவில் கெர்ச்சூட். தண்ணீர் மட்டம் மனிதன் கையில் இருக்கிறது. பினாங்கு நிபோங் தெபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலும் 2003இல் இதையே சின்னதாகச் செய்தார்கள். சிமெண்டு லோங்காங்குக்குப் பதில் புல் வாய்க்கால், அது குளத்துக்குப் போகும், கடைசியில் ஒரு சதுப்பு நிலம்.

இப்போது எங்கள் தாமான் கதை. சில வருடங்களுக்கு முன்பு பக்கத்துக் குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று ஒரு குத்தகைக்காரர் வந்தார். நர்சரியிலிருந்து லாரியில் பாப்பிரஸ் வந்து இறங்கியது, தலையில் பச்சைப் பூவாணம் வெடித்த மாதிரி இருக்குமே, அது. கூடவே குடை மாதிரி விரிகிற இன்னொன்று. இரண்டும் கோரைதான், ஆனால் ஆப்பிரிக்கக் கோரை. செங்குத்தான கரையில் ஒரே வரிசையாக, பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைத்த மாதிரி நட்டுவிட்டு, பலகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அது அக்டோபர். நவம்பர் மழையில் குளம் ஒரே இரவில் ஆள் உயரம் ஏறி இரண்டு நாள் நின்றது. வேர் பிடிக்காத செடி பாதி மிதந்து போனது, மீதி சேற்றில் புதைந்தது. பிழைத்த குடைக் கோரை இப்போது வடிகாலில் இறங்கி யார் வீட்டுப் பின்புறம் எல்லாமோ முளைக்கிறது. பலகை மட்டும் திடமாக நிற்கிறது.

இதில் ஒவ்வொன்றும் தலைகீழ். முதலில் கரையைச் சரிவாக்க வேண்டும், மூன்றடி போனால் ஓரடி இறங்குகிற மாதிரியாவது. அதற்கு நிலம் வேண்டும், நிலம் விட யாருக்கும் மனசு வராது, அதனால்தான் இந்த முதல் படி எப்போதும் காணாமல் போகிறது. அடுத்து குப்பை. மேலே குப்பைப் பொறி இல்லாவிட்டால் கோரைப் புதர் மினரல் தண்ணீர் போத்தல் களஞ்சியம் ஆகிவிடும். கரையின் அடிப்பாதத்தில் தென்னைநார் உருளைகளை முளைக்குச்சி அடித்துப் பதித்து, அதிலேயே நாற்றைச் சொருகலாம். நார் சில வருடத்தில் மக்கிப்போகும், அதற்குள் வேர் பொறுப்பெடுத்துக்கொள்ளும். அப்புறம் காலம். கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டி ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிய மழை. ஜூனில் நட்டால் நாலு மாதம் கிடைக்கும். நட்டவுடன் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். முளை உயர உயரத்தான் மட்டத்தை உயர்த்தலாம், நுனி முழுகினால் காற்று போகிற வழி அடைந்துவிடும்.

நத்தையையும் சொல்ல வேண்டும். தண்டில் ரோஸ் நிறத்தில் முத்துக் கொத்து மாதிரி ஒட்டியிருக்கும், பிள்ளைகள் பார்த்தால் மிட்டாய் என்று நினைக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தையின் முட்டை அது, நெல் வயல்களை நாசம் செய்கிற அதே நத்தை. முற்றிய தண்டை அது சீண்டாது, இளம் முளையை ஒரே இரவில் மொட்டையடிக்கும். நீலத் தாழைக்கோழியும் முளையைப் பிடுங்கித் தின்னும், ஆனால் அது இந்த மண்ணுக்குச் சொந்தக்காரன், அதற்கு நான் விட்டுக்கொடுப்பேன்.

பத்து மாதம் தாண்டிய கோரைக்கு எமன் நத்தை இல்லை, புல்வெட்டும் மெஷின். ஆற்றோரப் புல்லை வெட்டுகிற குத்தகையில் தண்ணீர் விளிம்பு வரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று இருக்கும் போல, வருகிறவர்கள் எல்லாவற்றையும் மொட்டையடிக்கிறார்கள். அறுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. அவ்வப்போது அறுத்து அப்புறப்படுத்தினால்தான் செடி உறிஞ்சிய சத்து ஆற்றை விட்டுப் போகும், விட்டால் மட்கி மறுபடி தண்ணீரிலேயே சேரும். எந்த உயரத்தில் அறுக்கிறோம் என்பதுதான் முக்கியம். தண்ணீருக்கு மேலே ஒரு முழம் விட்டு அறுத்தால் வெட்டுவாய் வழியாக வேருக்குக் காற்று போய்க்கொண்டிருக்கும், தளிர்க்கும். தரையோடு அறுத்து, அடுத்த நாள் மழையில் தண்ணீர் வெட்டுவாயை மூடினால், அடியில் மூச்சு முட்டிச் செத்துவிடும். வேண்டாத சம்புப் புல்லை ஒழிக்கவே இந்த உபாயத்தைச் செய்வார்கள்.

வெட்டிவேர் போதாதா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நல்ல செடிதான், நெடுஞ்சாலைச் சரிவுகளில் வைத்திருக்கிறார்கள், இந்நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திலேயே 1990 வாக்கில் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். கரையின் மேல் பாதிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இங்கே வந்து சேர்ந்த செடி, கொத்தாக நிற்குமே தவிர மண்ணுக்குள் பரவி இடைவெளியை மூடாது. தண்ணீரும் கரையும் தொடுகிற அந்த ஒரு மீட்டரில் கோரை செய்வதை அது செய்யாது.

கொசு? டெங்கிக் கொசு வளர்வது பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்குகிற தண்ணீரில், மீன் இருக்கிற, தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கிற கோரைப் பாத்தியில் அல்ல. கழிவுநீர் தேங்கி நாறினால் வேறு கொசு வரும், அதற்குக் கோரையைப் பிடுங்குவது மருந்து இல்லை.

இன்னொன்று. கோரை எல்லா இடத்திலும் நல்ல சகுனம் கிடையாது. கரிமண் சதுப்புக் காடு திரும்பத் திரும்ப எரிந்த இடத்தில் கோரையும் பெரணியும் மண்டிக் கிடந்தால், அங்கே மரம் திரும்ப வரவில்லை என்று அர்த்தம். அங்கே கோரை நடுகிறேன் என்று கிளம்பக் கூடாது, தண்ணீரை வடிக்க வெட்டிய கால்வாயை அடைத்துத் தண்ணீரை உயர்த்தி மரத்தைக் கொண்டுவர வேண்டும்.

நாற்று எங்கே கிடைக்கும் என்றால், அலங்காரச் செடி விற்கிற நர்சரியில் தேடாதீர்கள். அதே ஆற்றுப் படுகையில் தானாக முளைத்த புதரிலிருந்து, இடத்துக்கு உரியவரிடம் கேட்டுக்கொண்டு, நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், கிழங்கோடு பிளந்து எடுப்பதுதான் நல்லது. ஒரு கொத்தில் மூன்று முளையும் ஒரு சாண் கிழங்கும் இருந்தால் போதும்.

எங்கள் மூக்கிலிருந்துதான் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். போன மாதம் சனிக்கிழமை காலை மெஷின் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பாட்டி எனக்கு முன்னாலேயே அங்கே நிற்கிறார், புல் வெட்டுகிற வங்காளதேசத் தம்பியைப் பார்த்து, "ஜாங்கான் போத்தோங்! ஜாங்கான்!" (வெட்டாதே, வேண்டாம்) என்று கையை ஆட்டிக்கொண்டு. அந்தத் தம்பி என்ன செய்வார், வெட்டாமல் போனால் அவருக்குச் சம்பளம் பிடிப்பார்கள். இரண்டு பேரும் மலாயில் கொஞ்ச நேரம் பேரம் பேசினார்கள். பாட்டி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். தம்பி அந்த உயரத்துக்கு அறுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மழை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தண்ணீர் வெட்டுவாய்க்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது.